ரக்பி மைதானத்தின் மேற்குக் கோடு

ஈரப் புல்லின் மேல் இரும்பு அளவுநாடா ஓடினால் ஒரு சத்தம் வரும். தையல்காரர் புதுத் துணியைக் கிழிப்பது போல இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் கையோடு, கோடு போடும் வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் பெய்த மழையில் மைதானம் கழுவிவிட்டது போல இருந்தது. நாடாவின் ஒரு முனையை என் நண்பன் ஆண்டனி பிடித்திருந்தான். மறு முனையை இழுத்துக்கொண்டு பிரியா மேடம் கிழக்கே நடந்துகொண்டிருந்தார்.

மேடம் ரக்பி சங்கத்திலிருந்து மைதானத்தை அளக்க வந்தவர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தாமே ஆடியவர். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார்; நடக்கும்போது அந்தக் காலைக் கொஞ்சம் வீசி வைப்பார்.

அளவு சரியாக இருந்தால், பெண்கள் ஆடும் மாநிலப் போட்டி எங்கள் மைதானத்துக்கு வரும். சரியாக இல்லாவிட்டால் வராது. வராவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆலை நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்தவர் ஓரமாகக் குடையும் ஒரு ஃபைலுமாக நின்றிருந்தார். இந்த இடத்தை ஃபங்க்ஷன் ஹாலுக்கு வாடகைக்கு விடலாம் என்று எழுதிய ஃபைல் அது. போட்டி நடக்கிற மைதானம் என்றால் தொட மாட்டார்கள். சும்மா கிடக்கிற புல்வெளி என்றால் கேட்பாரில்லை.

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது.

மேற்குக் கோடு வளைந்திருந்தது. வளைத்தவன் நான்.

ஏரியாக இருந்த இடம்

போன வாரம் எங்கள் குவார்ட்டர்ஸைப் பற்றி எழுதியபோது, வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டேன். ஒரு வரியில் தாண்டக்கூடிய இடமில்லை அது.

ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறி, எங்கள் ஆலையின் குடியிருப்பு வாசலில் இறங்கினால், இரண்டு பக்கமும் வேப்பமரம். அதன் முடிவில் மைதானம். ஆலை வருவதற்கு முன்னால் அது ஒரு சின்ன ஏரி. சுற்றிலும் யானை படுத்தது மாதிரிப் பாறைகள், பாறைக்கு நடுவில் சீத்தாப்பழச் செடிகள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். சித்திரையில் எருமைகள் சேற்றைத் தேடி வரும்.

ஏரியின் கரையில் கட்ட மைசம்மா இருந்தாள். தெலுங்கில் 'கட்ட' என்றால் ஏரிக்கரை. கரை உடையாமல் காப்பவள் அவள். கோயில் கிடையாது. குங்குமமும் மஞ்சளும் பூசிய ஒரு கல், மேலே ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். ஏரி போய்விட்டது. கரை போய்விட்டது. மைசம்மா மட்டும் நகரவில்லை. இன்றைக்கும் மைதானத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறாள்.

ஏரியைத் தூர்த்த கூலிகளில் என் அப்பாவும் ஒருவர். குடியாத்தத்திலிருந்து ஆறு மாத வேலை என்று வந்தார். லாரி லாரியாகச் சிவப்பு மொரம் மண் கொட்டி, மேலே கரிசல் போட்டு, கல் உருளையை இழுத்துச் சமன் செய்தார்கள். ஆறு மாதம் முடிந்தபோது ஆலையில் வேறு வேலை கொடுத்தார்கள். அப்புறம் ஊருக்குத் திரும்புவது பற்றி அவர் பேசவே இல்லை. நான் இங்கேயே பிறந்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். தோட்ட வேலைக்குச் சேர்ந்து, பிறகு மைதானத்துக்கு வந்தேன். மீட்டர், சென்டிமீட்டர் எல்லாம் புல்லின் மேல்தான் படித்தேன்.

இரண்டு கம்பமும் ஒரு குறுக்குக் குழாயும்

முதலில் அது கால்பந்து மைதானம். பிறகு கல்கத்தாவிலிருந்து ஓர் இன்ஜினியர் மாற்றலாகி வந்தார். அவர் பெட்டியில் துணிமணியைவிட அதிகமாகப் பந்துகள் இருந்தன என்று சொல்வார்கள். உருண்டைப் பந்து இல்லை. இரண்டு பக்கமும் கூராக இருக்கும் நீளப் பந்து.

"ஏ க்யா பால் ஹை? அண்டா ஜைஸா!" என்று கேன்டீன் ஆட்கள் சிரித்தார்களாம். முட்டை மாதிரி என்று. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் காலனித் தமிழர்கள் வீட்டில் இன்றைக்கும் அது முட்டைப் பந்துதான்.

கோல் கம்பம் வேண்டும் என்றார் இன்ஜினியர். ஆலையின் ஃபிட்டர்கள் கழித்துப்போட்ட குழாய்களை வெட்டி, பற்றவைத்து, இரண்டு முனையிலும் நட்டார்கள். இரண்டு உயரமான கம்பம், நடுவில் ஒரு குறுக்குக் குழாய். மைதானத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் பஸ்தியிலிருந்து, அதாவது குடிசைப் பகுதியிலிருந்து, ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். சினிமாத் திரை கட்டப் போகிறார்கள் என்று ஒரு வாரம் பேச்சு. மாலையில் பாய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள்கூட உண்டு.

ஆட்டத்தின் விதியும் யாருக்கும் புரியவில்லை. ஓடுவது முன்னால். பந்தைக் கையால் கொடுப்பது மட்டும் பின்னால் இருப்பவனுக்குத்தான். முன்னால் கொடுத்தால் தப்பு. "நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கே, பின்னாடி பின்னாடியே போகுது" என்று அப்பா சொன்னாராம். அப்பா சொன்ன ஒரே நகைச்சுவை என்று அதை எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஆனால் ஆட்டம் பிடித்துக்கொண்டது. மெஷின் ஷாப் ஒரு அணி, கேன்டீன் ஒரு அணி. ராணுவத்து அணிகள் திருமலகிரியிலிருந்து லாரியில் வரும். சனிக்கிழமை மாலைகளில் சேறு மூடிய ஆட்கள் தெருக்குழாயடியில் வரிசையாக நிற்பார்கள். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு, "முதல்ல இதுங்களைக் கழுவி அனுப்புங்க" என்பார்கள்.

மைதானத்துக்கென்று ஒரு பழக்கமும் உண்டாயிற்று. பந்து மைசம்மாவின் மேடைக்குப் போனால், எடுக்கப் போகிறவன் பூட்ஸைக் கழற்ற வேண்டும். எதிரணியானாலும் சரி, மேஜரானாலும் சரி. ஆட்டம் நின்று காத்திருக்கும். ஒருமுறை ஒரு பஞ்சாபிச் சிப்பாய் பூட்ஸ், சாக்ஸ் எல்லாம் கழற்றி, தண்ணீர் கேட்டு வாங்கிக் காலையும் கழுவிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்து வந்தான். பஸ்திப் பெண்கள் மிச்ச ஆட்டம் முழுவதும் அவன் அணிக்குத்தான் கை தட்டினார்கள்.

ஒரு சாண், இன்னொரு சாண்

நான் மைதான வேலைக்கு வந்தபோது மைசம்மாவுக்கு ஒரு சின்ன மண் மேடைதான். கோட்டுக்கும் மேடைக்கும் நடுவில் நாலு பேர் தாராளமாக நிற்கலாம்.

மைசம்மாவைப் பார்த்துக்கொள்வது யாதம்மா. பஸ்தியில் அவர் சொல் நடக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் 'தம்முடு' என்பார், தெலுங்கில் தம்பி. அவர் பேசுவது பாதி தெலுங்கு, பாதி ஹைதராபாத் உருது. உங்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஆஷாட மாதத்தில், நம் ஆனி ஆடியில், அம்மனுக்குப் போனாலுத் திருவிழா வரும். பெண்கள் சோற்றுப் பானையைத் தலையில் வைத்து, மேலே விளக்கேற்றி, மேளத்தோடு மைதானத்தைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு போனாலுவுக்கும் மேடைக்கு ஏதாவது நடக்கும். ஒரு வருடம் சிமெண்ட் பூசினார்கள். ஒரு வருடம் படி. அடுத்து டைல்ஸ். அப்புறம் சுற்றிலும் கிரில். மேடை ஒவ்வொரு சாணாகக் கோட்டை நோக்கி வந்தது.

யாதம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தம்முடு, அம்மாவின் படிக்கும் உன் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் மூன்று அடி விடு. பூட்ஸ் காலோடு யாரும் படியில் விழக் கூடாது. ஹவ்வா இல்லையா?"

"ஹவ்" என்றேன். ஆமாம் என்று அர்த்தம்.

அன்று மாலையே ஸ்போர்ட்ஸ் கிளப் செக்ரட்டரி ராஜகோபால் சார் கூப்பிட்டார். இப்போது ஓய்வு பெற்றுவிட்ட இன்ஜினியர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுகோல் வைத்திருப்பவர். "தாமோதரா, அந்தம்மா மேடையை நீட்டிண்டே வரா. நீ பாட்டுக்கு நம்ம கோட்டைப் போடு. ஒரு அங்குலம்கூட உள்ளே வரப்படாது. புரியறதா?"

"சரிங்க சார்" என்றேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பேச வராது. திக்குவாய் கிடையாது. நாலு பேர் பார்த்தால் சொல் தொண்டையோடு நின்றுவிடும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எத்தனையோ நாள் நடந்து வந்திருக்கிறேன். அதிலும் 'முடியாது' என்ற சொல் எனக்கு வந்ததே இல்லை. அவரிடம் ஹவ், இவரிடம் சரி. இரண்டும் சொல்லிவிட்டு மறுநாள் காலை முளைகளையும் நூலையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

கோடு போடுவது எப்படி என்றால், பத்தடிக்கு ஒரு முளை அடித்து, நூலை இழுத்துக் கட்டி, அதன் மேல் சுண்ணாம்பு வண்டியைத் தள்ள வேண்டும். நடுக்கோடுவரை நேராக அடித்தேன். அதற்கு அப்பால் ஒவ்வொரு முளையையும் இரண்டு விரல், நாலு விரல், ஆறு விரல் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். மூலைக்குப் போகும்போது யாதம்மா கேட்ட மூன்று அடி கிடைத்தது. புல்லையும் அந்த வளைவுக்கு ஏற்றபடியே வெட்டினேன். கண் புல்லின் விளிம்பைத்தான் பார்க்கும். புல்லும் கோடும் சேர்ந்து போனால் நேராகத்தான் தெரியும்.

செக்ரட்டரி சார் வந்து பார்த்தார். "பேஷ். சொன்னபடி நேரா இருக்கு." யாதம்மா வந்து பார்த்தார். "ஷபாஷ் தம்முடு. சொன்னபடி இடம் விட்டிருக்கே."

இருவருமே தாம்தான் ஜெயித்ததாக நினைத்தார்கள். சண்டை வரவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுத்த போனாலுவில் இன்னொரு படி. நான் இன்னும் ஒரு சாண். வளைவு நடுக்கோட்டில் ஆரம்பித்தால் தெரிந்துவிடும் என்று ஆனபோது, இன்னும் தெற்கே தள்ளி ஆரம்பித்தேன். இப்படியே இருபது வருடத்துக்கு மேல் போயிற்று. நடுவில் ரக்பி தேய்ந்து, மைதானத்தில் கிரிக்கெட் வந்தது, கல்யாணப் பந்தல் வந்தது. அந்தக் காலத்திலும் வருடம் தவறாமல் கோட்டைப் போட்டேன். பிறகு காலனிப் பெண் பிள்ளைகளும் பஸ்திப் பெண் பிள்ளைகளும் ஆட வந்தார்கள். பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர்கள் மோதுவதைப் பார்த்தால் மெஷின் ஷாப் ஆட்கள் எல்லாம் ஒன்றுமே இல்லை. மைதானம் மறுபடி சேறாயிற்று. எனக்கு மறுபடி வேலை வந்தது.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மாநிலப் போட்டி கேட்டோம். அப்படித்தான் நாடா வந்தது.

அறுபத்தாறரை

"தெற்கு முனை, அகலம் எழுபது மீட்டர்" என்றார் பிரியா மேடம். ஆண்டனி எழுதிக்கொண்டான்.

ஆண்டனி செகந்தராபாத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதற்கு மேலும் படித்து ஆலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் ஆனான். பழைய அணியில் கோல் உதைப்பவன் அவன்தான். மேற்கு மூலையிலிருந்து, பார்க்கவே முடியாத கோணத்திலிருந்து, கம்பத்துக்கு நடுவில் உதைப்பான். அதற்காகவே அவன் பெயர் திருமலகிரிவரை தெரியும்.

"நடுக்கோடு, அறுபத்தெட்டு முக்கால்" என்றார் மேடம். நெற்றி லேசாகச் சுருங்கியது.

வடக்கு முனைக்குப் போனார்கள். நாடா ஓடியது. மேடம் குனிந்து பார்த்தார். முழங்காலை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து மறுபடி பார்த்தார்.

"அறுபத்தாறரை."

மேடம் எழுந்தார். "ஏக் மினிட். இது செவ்வகமே இல்லையே. ஒரு முனை எழுபது, ஒரு முனை அறுபத்தாறரை. இதில் எப்படிப் போட்டி நடத்த முடியும்?"

"நாடா பிசகா இருக்கும்" என்றார் செக்ரட்டரி சார்.

"நாடா பிசகாது சார்."

செக்ரட்டரி சார் மைசம்மா மேடையைப் பார்த்தார். யாதம்மா அங்கே கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அப்படின்னா இந்தம்மா வேலைதான். ராத்திரியோட ராத்திரியா எங்க கோட்டையே நகர்த்திட்டா!"

யாதம்மா இறங்கி வந்தார். "யாரு? நானா? கைக்கு, எதுக்காக? சுண்ணாம்பு வண்டி என்கிட்டயா இருக்கு? இத்தனை வருஷமா உன் கோட்டை மிதிச்சாவது இருக்கேனா? உன் ஆளுங்கதான் அம்மா இடத்தைத் திங்கப் பார்க்கறீங்க!"

"மேடையை யார் நீட்டினது?"

"கோட்டுக்கும் மேடைக்கும் மூணு அடி இருக்கு, வந்து அளந்து பார்! என்னைக்கும் மூணு அடி இருக்கு!"

எஸ்டேட் ஆபீஸ் ஆள் குடையை மடக்கினார். "நான் கிளம்பறேன். அளவு இல்லைன்னு ரிப்போர்ட் எழுதிடறேன்" என்றார். சண்டையில் யாருக்கும் அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

வண்டியின் கைப்பிடியை விட்டேன்.

"கோடு நான் போட்டது" என்றேன்.

அது என் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்த முறை எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை கண்கள். இந்தியில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், இந்தி வரவில்லை. தெலுங்கும் போய்விட்டது.

"தமிழ்லயே சொல்லுங்க அங்கிள்" என்றார் பிரியா மேடம். "எனக்குப் புரியும். தார்நாகால எங்க வீட்ல அம்மா அப்பா தமிழ்தான். நான்தான் பாதி இங்கிலீஷ்ல ரிப்ளை பண்ணுவேன்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அந்த அம்மாவுக்கு ஹவ் சொன்னதையும், சாருக்குச் சரி சொன்னதையும், முளையை விரல் விரலாகத் தள்ளியதையும், புல்லை வளைத்து வெட்டியதையும் சொன்னேன். "இவங்களும் தப்புப் பண்ணல, சாரும் தப்புப் பண்ணல. ரெண்டு பேர்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரல" என்று முடித்தேன். என் வாழ்க்கையில் அதுவரை ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

செக்ரட்டரி சார் பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். எதற்கென்று தெரியாமல் மறுபடி உள்ளே வைத்தார். "நான் பேஷ்னு வேற சொன்னேனே" என்றார்.

யாதம்மாவுக்கு ஆண்டனி தெலுங்கில் எடுத்துச் சொன்னான். பாதி சொல்லும்போதே அவன் முகம் மாறியது. என்னிடம் திரும்பினான்.

"டேய் தாமு. கோடு மூணரை மீட்டர் உள்ளே இருந்ததுன்னா, அந்த மூலையிலேர்ந்து நான் உதைச்ச கோலெல்லாம்..."

"கொஞ்சம் கிட்டேதான்" என்றேன். "நீ ஆடறப்போ ஒரு மீட்டர்தான் இருக்கும்."

"ஒரு மீட்டர்! பாவி, கல்யாணத்துக்கு வந்த பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டல்லாம் அந்தக் கோணத்தைச் சொல்லியிருக்கேன்டா!"

முதலில் சிரித்தது யாதம்மாதான். கிரில்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேடம் சிரித்தார். செக்ரட்டரி சார் சிரிக்கவில்லை, ஆனால் கோபத்தைக் கை நழுவ விட்டிருந்தார்.

ஐந்து பெஞ்சும் ஒரு ஜேசிபியும்

சிரித்தால் மட்டும் மைதானம் நேராகிவிடுமா? மேடம் படிவத்தைப் பார்த்தார். "நல்ல கதைதான் அங்கிள். பட் இதுல நான் என்ன எழுதறது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வருடா வருடம் கோட்டை வளைத்தவன், அதை எப்படி நிமிர்த்துவது என்றும் வருடா வருடம் யோசித்திருக்க மாட்டானா? மேடை நகராது. பிரதிஷ்டை ஆனதை இடிக்கக் கூடாது. தென்மேற்கு மூலை அப்படியே இருக்கலாம். வடக்கு முனையை மூன்றரை மீட்டர் கிழக்கே தள்ள வேண்டும். சாய்ந்து மாட்டியிருக்கும் படத்தை ஒரு பக்கம் தூக்கி நேராக்குவது மாதிரி, மொத்த மைதானத்தையும் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும். நாலு கோடும் நேராகிவிடும், அகலம் எழுபது வந்துவிடும்.

முளைகளை எடுத்துக்கொண்டு நடந்து காட்டினேன். மேடம் கூடவே நடந்தார். கடைசி முளையை அடித்த இடம் செக்ரட்டரி சாரின் சிமெண்ட் பெஞ்சுகளுக்கு நடுவில் வந்தது.

ஐந்து பெஞ்சுகள். ஓய்வு பெற்ற வருடம் அவர் தானே நின்று வார்க்க வைத்தவை. தினமும் மாலை மூன்றாவது பெஞ்சில்தான் உட்காருவார். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"இதைப் பேத்துட்டா நான் எங்கே உட்கார்றது?" என்றார்.

யாதம்மாவுக்கு இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "எங்க அம்மா படியில வந்து உட்காரு சாரு. செருப்பை மட்டும் கழட்டிடு."

சார் போய் மூன்றாவது பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். "எப்படியும் வெயில் மூஞ்சிலதான் அடிக்கிறது" என்றார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்டேட் ஆளைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு மறுபடி அளக்கறேன். ரிப்போர்ட் அதுவரைக்கும் வெயிட் பண்ணலாம்ல சார்?" எஸ்டேட் ஆள் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒரு வாரம்தானே" என்றார்.

பெஞ்சுகளைக் கடப்பாரையால் பெயர்த்தோம். கோல் கம்பம் அப்படி வருமா? அடியில் சிமெண்ட் பாளம். யாதம்மா போனை எடுத்து அவருடைய இரண்டாவது மகனைக் கூப்பிட்டார். ஜேசிபி ஓட்டுகிறவன். "ரேய், பண்டி தீஸ்குனி ரா" என்று ஒரு வரிதான், டேய் வண்டியை எடுத்துக்கிட்டு வா என்று. வண்டியோடு வந்துவிட்டான்.

எனக்கு உயிர் போயிற்று. அந்தச் சக்கரம் என் புல்லில் ஏறினால் என்ன ஆவது? காலனியில் இருக்கிற பலகை, கோணி, பழைய கதவு எல்லாவற்றையும் வாங்கிப் பாதை போட்டேன். பாதி வேலை அதிலேயே போனது. ஆண்டனி மேற்பார்வை பார்த்தான், அதாவது, பேசிக்கொண்டிருந்தான்.

கம்பம் கடைவாய்ப் பல் மாதிரி அசைந்து அசைந்து வெளியே வந்தது. குழியில் எட்டிப் பார்த்தேன். மேலே கரிசல், அதற்குக் கீழே அப்பா கொட்டிய சிவப்பு மொரம், அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஈரச் சேறு. சேற்றில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். ஏரி அங்கேயே இருந்தது. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது என் மனைவி விமலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஆண்டனியின் வீட்டில் எல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீங்க பேசினீங்களாமே? அத்தனை பேர் முன்னாடி?"

"ஆமா."

"பத்து நிமிஷமாமே?"

"அவ்ளோ இருக்காது."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ காபி நல்லாருக்குன்னு சொல்ல உங்க அக்காவை அனுப்பினீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரி எனக்குப் பிடித்த மிளகு ரசம்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். தெற்கே எழுபது. நடுவில் எழுபது. வடக்கே எழுபது. மூலைக்கு மூலையும் குறுக்கே இழுத்துப் பார்த்தார். இரண்டு குறுக்கும் ஒன்றாக இருந்தன. படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எஸ்டேட் ஆள் அந்தக் காகிதத்தின் நகலைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். தைப்பொங்கலுக்கு முன்னால் போட்டி எங்கள் மைதானத்தில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் அரையிறுதியில் தோற்றார்கள். அழுதுவிட்டுச் சமோசா சாப்பிட்டார்கள்.

மறு ஆஷாடம்

புதுக் கோட்டின் மேல் முதல் சில மாதம் வண்டி தள்ளுவது கஷ்டமாக இருந்தது. கால் தானாக உள்பக்கம் திரும்பும். இருபது வருடப் பழக்கம். நூலை மட்டுமே பார்த்துக்கொண்டு நடப்பேன்.

மழை ஆரம்பித்து ஆஷாடம் வந்தது. ஒருநாள் காலை முளை அடித்துக்கொண்டிருந்தேன். யாதம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"தம்முடு, இந்த வருஷம் போனாலுவுக்கு டைல்ஸ் மட்டும் புதுசா மாத்தறோம். முன்னாடி ஒரே ஒரு படி சேர்த்தா நல்லா இருக்கும். சின்னப் படி. ஒரு சாண்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். இப்படிக் கேட்டால் வழக்கமாக நான் சொல்வது 'ஹவ்' மட்டும்தான்.

"நக்கோ அக்கா" என்றேன். வேண்டாம் என்று.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். இவ்வளவு வருடத்தில் என் வாயிலிருந்து அவர் கேட்டிராத சொல்.

"அரைச் சாண்?"

"நக்கோ."

யாதம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தார். சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ பஸ்திப் பக்கம் திரும்பி, அங்கே குழாயடியில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஒசேய்! படி கிடையாது. பழைய படிக்கே டைல்ஸ் ஒட்டச் சொல்லு. தம்முடு வேண்டாங்கறான்."

நான் அடுத்த முளையை எடுத்தேன்.